துடுப்பில் வைத்த காது

மூதூர்க் கடலிலே குளித்து வளர்ந்தவர் எவரும் அனுபவித்த, ஆயினும் பெரும்பாலோர் காரணம் தேடாது விட்டுவிட்ட விந்தை ஒன்று உண்டு. கொட்டியாரக் குடா அலையடங்கிக் கிடக்கும் ஒரு விடியற்காலையிலே, மார்பளவு நீரில் நின்று, மூச்சையடக்கித் தலையை நீருக்குள் அமிழ்த்தினால், அதுவரை செவிக்கு எட்டாதிருந்த படகு யந்திரம் ஒன்றின் இரைவு, அப்படகு நம்மை நோக்கியே விரைந்து வருவதுபோல, இரு காதுகளையும் நிறைக்கும். திடுக்கிட்டுத் தலையை உயர்த்தினாலோ, திருகோணமலைத் திசையில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலன்றித் தெரியாத தூரத்திலே, ஒரு கரும்புள்ளியாகப் படகு நகர்ந்துகொண்டிருக்கும். ஒலி என்ற பேச்சே இராது. மறுபடி முழுகினால் மறுபடி கேட்கும். ஒலி நீருக்குள்ளே வந்து நிற்கிறது. நமது காதோ நீருக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. இவ்வளவு தூரத்தைக் கடந்து வந்த ஒலி, அந்தக் கடைசி ஒரு சாணைக் கடக்கமாட்டாது நின்றுவிடுவது ஏன்?

இக்கேள்வியை ஒரு புறம் வைத்துக்கொண்டு, இலத்திரனியலைப் பொழுதுபோக்காகப் பயிலும் மாணவர்கள் 'மைக் மொடியூல்' என்று கேட்டு வாங்கும், தபால் தலையளவேயான சிறு பலகை ஒன்றை மறுபுறம் வைத்துப் பார்ப்போம். அப்பலகையின் ஒரு முனையிலே பட்டாணிக் கடலையளவான ஒலிவாங்கி ஒன்று ஒட்டியிருக்கும். நடுவிலே, ஓர் அரிசிமணியின் பாதி நீளங்கூட இல்லாத சதுரமான சிப்பு ஒன்று அமர்ந்திருக்கும். மின்கலத்தை இணைத்தால், ஒலிவாங்கியிலே எழும் மெல்லிய மின்துடிப்பை அச்சிப்பு ஆயிரம் மடங்கு பெரிதாக்கித் தரும். ஆயிரம் மடங்கு என்றதும், 'அப்படியானால் நீருக்கு மேலே இதைப் பிடித்துக்கொண்டு நின்றாலே கடலின் ஒலியெல்லாம் கேட்குமே' என்று எண்ணுவது இயல்பு. கேளாது. ஏன் கேளாது என்பதை விளங்கிக்கொண்டவர், ஒலியைப் பற்றியும் அச்சிறு பலகையைப் பற்றியும் அறியவேண்டியவற்றுள் பாதியை அறிந்தவராவார்; மெல்லிய ஒலியைக் கேட்பது என்பது ஒரே காரியம் போலத் தோன்றினும், உண்மையில் அது ஒலியை எல்லை கடக்கச் செய்வது, கடந்து வந்ததைப் பெருக்குவது என்னும் இருவேறு காரியங்களின் சேர்க்கையாகும்.

முதலில் எல்லையைக் கவனிப்போம். ஒலி என்பது ஒரு பொருளன்று. ஒரு துகள் தன் அயலிலுள்ள துகளைத் தள்ள, அது அதற்கு அடுத்ததைத் தள்ள, இவ்வாறு கை மாறிச் செல்லும் ஒரு தள்ளல் மாத்திரமே. முற்றத்திலே போளை விளையாடும் சிறுவர் அனைவரும் இத்தள்ளலின் இலக்கணத்தை அறிவர். ஒரு போளை, தன்னையொத்த மற்றொரு போளையை நேராக மோதினால், மோதியது அங்கேயே நின்றுவிட, மோதப்பட்டது முழு வேகத்தையும் பெற்று ஓடும். அதே போளையைக் கனத்த ஓர் இரும்புக் குண்டின்மீது எறிந்தாலோ, போளை துள்ளித் திரும்புமேயன்றிக் குண்டு அசையாது. குண்டைப் போளையின்மீது உருட்டினால், போளை தெறித்தோடும் என்பது உண்மையே; ஆயினும் குண்டு தன் சக்தியில் மிகச் சொற்பத்தையே போளைக்கு ஈந்துவிட்டு, ஒன்றும் நேராததுபோலத் தன் வழியே உருண்டு செல்லும். கொடுப்பதும் பெறுவதும் நிறையிலே ஒத்திருந்தாலன்றிச் சக்தி முழுமையாகக் கை மாறாது.

காற்று போளை, நீர் இரும்புக் குண்டு. ஒலியைச் செலுத்துவதில் ஓர் ஊடகம் காட்டும் இந்தக் கனத்தை விஞ்ஞானிகள் ஒலித்தடங்கல் என்பர். அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் கொண்டு அது கணிக்கப்படுகின்றது. காற்றிலே வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, கடல் நீரிலே ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லுகிறது. நீரின் அடர்த்தியோ காற்றினுடையதைப்போல எண்ணூறு மடங்குக்கு மேற்பட்டது. இரண்டையும் சேர்த்து நோக்கினால், நீரின் ஒலித்தடங்கல் காற்றினதைவிட மூவாயிரத்தைந்நூறு மடங்களவு பெரிதாகின்றது. இத்தகைய ஏற்றத்தாழ்வின் விளைவாக, நீரிலிருந்து மேற்பரப்பை வந்தடையும் ஒலிச்சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் நுழைகின்றது. மிகுதி முழுவதும் கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் திரும்பி நீருக்குள்ளேயே சென்றுவிடுகின்றது. நுழைந்த அந்த ஒரு பங்கும் கரையின் காற்றிரைச்சலிலும் காக்கைகளின் கரைதலிலும் கரைந்துபோகின்றது. தலையை உயர்த்திய கணத்திலே படகு ஊமையானதன் காரணம் இதுவே.

இவ்வெல்லையை வெல்லும் உபாயம், மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே கிழக்கிலங்கையின் தோணிக்காரருக்குத் தெரிந்திருந்தது. மட்டக்களப்பு வாவியிலே, நிலவு காலும் அமைதியான இரவுகளில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரின் அடியிலிருந்து இசைபோன்ற ஒலி எழுகின்றது என்பதும், 'மீன்பாடும் தேன்நாடு' என்று அந்நாடு புகழ்பெற்றது அதனாலேயே என்பதும் தமிழர் யாவரும் அறிந்தவை. அவ்வொலியைக் கேட்க விரும்புவோர், துடுப்பின் அலகை நீரில் ஆழ்த்தி, அதன் மேல் நுனியைக் காதோடு அணைத்துக்கொள்வர். 1848ஆம் ஆண்டு அவ்வாவிக்குச் சென்ற இலங்கைக் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு ஓங்கியதாகத் தமது நூலிலே எழுதி வைத்துள்ளார்.

துடுப்பு ஒலியைப் பெருக்கவில்லை. பெருக்குவதற்கு வேண்டிய சக்தி அதனிடம் ஏது? அது செய்வதெல்லாம் வழி திறந்துவிடுவதே. நார் ஓடும் திசையிலே மரத்தின் ஒலித்தடங்கல் நீரினுடையதற்கு வெகு அணித்தானது. ஆகவே நீரின் தள்ளல், போளை போளையை மோதியதுபோல, மரத்துக்குள் தாராளமாகப் புகுகின்றது. மரத்திலிருந்து கன்ன எலும்பினூடாக உட்செவியைச் சென்றடைகின்றது. இடையிலே காற்று என்ற ஊடகம் அறவே ஒழிந்தது; ஒழியவே, ஆயிரத்தில் ஒன்றாகத் தேய்ந்த ஒலி தன் இயல்பான அளவிலே கேட்கின்றது. ஐரோப்பாவிலே, 1826ஆம் ஆண்டில் ஜெனீவா ஏரியின் நீரிலே ஒலியின் வேகத்தை அளந்த டானியல் கொலடன் என்பவரும் இதே உபாயத்தையே கையாண்டார். ஒரு தோணியிலே நீருக்கடியில் மணியை அடிக்கும் அதே கணத்தில் வெடிமருந்து பளிச்சிடும். பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் மற்றொரு தோணியிலிருந்த அவர், அகன்ற வாயைத் தகட்டினால் மூடி நீரில் ஆழ்த்திய நீண்ட குழாயின் மறுமுனையிலே காதை வைத்து, ஒளியைக் கண்ட கணத்திலிருந்து மணியோசை வந்து சேரும் வரையுள்ள நேரத்தை எண்ணினார். குளிர்ந்த அந்நன்னீரிலே ஒலி வினாடிக்கு 1,435 மீற்றர் செல்லுவது தெரியவந்தது.

நம் ஒவ்வொருவர் செவியிலும் இத்தகைய ஒரு துடுப்பு இருக்கிறது என்றால் வாசகர் வியப்புறலாம். கேட்கும் நரம்புகள் காற்றில் இல்லை. நத்தையோடு போலச் சுருண்ட உட்செவியிலே, திரவத்துள் மூழ்கியே அவை இருக்கின்றன. ஆகவே காற்றில் வரும் பேச்சும் பாட்டும் அத்திரவத்துள் புகுவதற்கு, நாம் முன்னர்க் கண்ட அதே எல்லையை எதிர்த்திசையிலே கடந்தாகவேண்டும். செவிப்பறையின் பெரிய பரப்பிலே விழும் தள்ளலை, மூன்று சிற்றெலும்புகள் ஏந்திச்சென்று, அதில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கேயான சிறு சாளரத்தின்மீது குவித்து அழுத்துகின்றன. பாதம் முழுவதையும் ஊன்றினால் இறங்காத நிலத்திலே, அதே பாரம் ஆணி முனையில் குவிந்தால் இறங்குவதுபோல, தள்ளல் திரவத்துள் இறங்குகின்றது. இச்சிற்றெலும்புகளும் மின்கலமற்றவையே, இவை செய்வதும் பொருத்தமேயன்றிப் பெருக்கமன்று.

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். பெருக்கம் என்றால் யாது என்பதைத் திருகோணமலை மாவட்டத்தவர் கந்தளாய்க் குளத்தை நினைவிற்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். குளத்தின் துருசருகே ஒருவர் நிற்கிறார். அவர் கதவை ஓர் அங்குலம் உயர்த்தினால் வாய்க்காலில் வெள்ளம் பெருகுகிறது. ஓர் அங்குலம் தாழ்த்தினால் வடிகிறது. கையசைவு சிறிது; நீரின் அசைவு பெரிது. ஆயினும் அவ்வெள்ளத்தின் வலிமை அவருடைய கையிலிருந்து வந்ததன்று. மாரியிலே தேங்கிய குளத்திலிருந்து வந்தது. சிறிய அசைவொன்று, பிறிதோர் இடத்திலே சேமிக்கப்பட்ட பெரிய சக்தியைத் தன் வடிவத்துக்கு ஏற்ப ஒழுகச் செய்வதே பெருக்கம். குளத்தின் ஸ்தானத்தில் மின்கலத்தையும், துருசின் ஸ்தானத்தில் திரான்சிற்றரையும், கையசைவின் ஸ்தானத்தில் ஒலிவாங்கியின் மெல்லிய மின்துடிப்பையும் வைத்தால், கிடைப்பது அந்தத் தபால் தலையளவான பலகை. துடுப்புக்கும் இதற்கும் உள்ள பேதம் இப்போது தெளிவாகும்: துடுப்பு வந்த ஒலியையே ஒப்படைக்கிறது, பலகையோ வந்ததன் சாயலிலே புதியதொன்றை வேறு சக்தியைக் கொண்டு ஆக்கித் தருகிறது.

இதற்குரிய பெயரையும் இங்கே குறிப்பிடுதல் நன்று. தமிழகத்தார் 'பெருக்கி' என வழங்குவதை ஈழத்துப் பாடநூல்கள் 'விரியலாக்கி' என்கின்றன. எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை நம் ஆசிரியர்கள் 'நயம்' என்றும், வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை 'மீடிறன்' என்றும் கற்பிப்பர். பின்னதைத் தமிழகத்தார் 'அதிர்வெண்' என்பர். இத்தகைய சொல்லாக்க முயற்சிக்குத் தலைநின்றவர்களுள் ஒருவர், 1936ஆம் ஆண்டு சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் என்பதும், விஞ்ஞான ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய அவரே மட்டக்களப்பு வாவியின் இசையை நீரரமகளிரின் கானமாகக் கற்பித்துப் பாடி, 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழ்ப் பண்களின் சுரங்களைக் கணிதத்தால் அளந்து காட்டினார் என்பதும், நம் பொருளோடு இயைபுடைய செய்திகளாம்.

ஒலிவாங்கி தரும் துடிப்பு எவ்வளவு மெல்லியது? இன்று கைத்தொலைபேசி முதல் விளையாட்டுப் பொம்மை வரை பரவியிருக்கும் எலக்ட்ரெட் ஒலிவாங்கி, 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவரால் ஆக்கப்பட்டது. மின்னேற்றத்தை நிரந்தரமாகத் தன்னுள் தேக்கிய மெல்லிய படலம் ஒன்று அதனுள்ளே, உலோகத் தகடொன்றிலிருந்து மயிரிழை தூரத்திலே விரிந்திருக்கும். ஒலி படலத்தை அசைக்க, இடைவெளி மாற, மின்னழுத்தம் மாறும். ஒரு மீற்றர் தூரத்திலிருந்து ஒருவர் சாதாரணமாகப் பேசினால் எழும் மாற்றம் ஒரு மில்லிவோல்ற்றில் பத்திலொரு பங்களவே. மாணவர் விரும்பும் ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகையோ, 5 வோல்ற்றை 1,024 படிகளாகப் பகுத்தே அளக்கவல்லது. அதன் ஒரு படி ஏறத்தாழ ஐந்து மில்லிவோல்ற். ஐந்து கிலோவுக்குக் குறைந்த படிக்கல்லே இல்லாத அரிசிக்கடைத் தராசிலே தாலிப்பொன்னை வைத்து நிறுக்க முற்பட்டது போலாகும் இது. தராசு பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியவே இல்லை.

இவ்விடைவெளியை நிரப்புவதற்கே விரியலாக்கி வேண்டியதாகின்றது. பொழுதுபோக்காளரிடையே பெரிதும் பரவிய மாக்ஸ் 9814 என்ற சிப்பைக் கொண்ட பலகையிலே, ஒரு கம்பியை எங்கே இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து நயம் 40, 50, 60 டெசிபல் என மூன்று நிலைகளில் அமையும். டெசிபல் என்ற அளவு கண்டு மலைக்கவேண்டியதில்லை; மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை இருபது டெசிபலுக்கு ஒரு சுழி என்று நினைவிற்கொண்டால் போதும். நாற்பதுக்கு இரண்டு சுழி, நூறு மடங்கு. அறுபதுக்கு மூன்று சுழி, ஆயிரம் மடங்கு. பத்திலொரு மில்லிவோல்ற்றாக இருந்த பேச்சு, ஆயிரம் மடங்கானதும் நூறு மில்லிவோல்ற்றாகி, ஆர்டுயினோவின் தராசிலே இருபது படிகளை அசைக்கின்றது.

இப்பலகையை முதன்முதலாக இணைத்துப் பார்க்கும் மாணவரைத் திகைக்கவைப்பது, பூரண நிசப்தத்திலும் அது பூச்சியத்தைக் காட்டாமல் ஒன்றேகால் வோல்ற்றைக் காட்டிக்கொண்டிருப்பதாகும். பலகை பழுதென்று எறிந்துவிடலாகாது. மறுபடியும் துருசை நினைத்துக்கொள்ளவேண்டும். ஒலி ஏறுவதும் இறங்குவதுமான அசைவு; கதவு முற்றாக மூடியிருந்தால் ஏற்றத்தைக் காட்டலாம், இறக்கத்தைக் காட்ட இயலாது. ஆதலால் கதவை முதலிலேயே பாதி திறந்து வைத்து, அந்நிலையிலிருந்து மேலும் கீழுமாக அசையவிடுகின்றனர். அந்தப் பாதித் திறப்பே ஒன்றேகால் வோல்ற். மிகப் பெரிய ஒலி வந்து கதவு மேற்சட்டத்திலே போய் முட்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உயர்த்தினாலும் வெள்ளம் கூடாது. அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகிவிடும். திருவிழா ஒலிபெருக்கிகளிலே பாட்டு கரகரத்துக் கேட்பது இவ்வாறு முடி வெட்டுண்ட அலைகளாலேயே.

அக்குற்றம் நேராமலிருக்க, ஒலி ஓங்கும்போது குமிழைச் சற்றே தணிப்பதும், ஒடுங்கும்போது ஏற்றுவதும் ஒலிபெருக்கிக்காரரின் வழக்கம். மாக்ஸ் 9814 இதனைத் தானே செய்துகொள்கிறது. பெருத்த ஒலி வந்தால் தன் நயத்தைப் பத்திலொரு பங்குவரை தணித்து, பின்னர் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு மீள்கின்றது. தன்னியக்க நயக் கட்டுப்பாடு என்னும் இவ்வேற்பாடு பேச்சைக் கேட்பதற்குப் பேருபகாரம். ஆனால் அளப்பதற்குப் பெரும் வஞ்சகம். அருகிலே சென்ற படகும் தூரத்திலே சென்ற படகும் ஏறத்தாழ ஒரே உரப்பாகப் பதிவாகுமாயின், எது அருகு, எது தூரம் என்று அப்பதிவைக் கொண்டு எவர் சொல்லமுடியும்? ஆகவே ஒலியின் அளவை அறிய முயல்வோர், நயத்தைத் திருகாணியால் ஒரு நிலையில் நிறுத்திவிடத்தக்க மாக்ஸ் 4466 போன்ற பலகையை நாடுவது தக்கது.

பெருக்கத்தின் மற்றொரு குணமும் அறியத்தக்கது. அது நல்லது தீயது என்று பாராது. ஒலிவாங்கிக்குள்ளேயே எந்நேரமும் இழையும் மெல்லிய இரைச்சலும், வீட்டு மின்சாரக் கம்பிகளிலிருந்து வினாடிக்கு ஐம்பது அதிர்வாகத் தொற்றும் முரலொலியும், நாம் விரும்பிய ஒலியோடு கூடவே ஆயிரம் மடங்காகின்றன. கல் கலந்த அரிசியை நூறு மடங்கு சேர்த்தால், கல்லும் நூறு மடங்காகும், விகிதம் மாறாது. எனவேதான் கரையிலே காற்றில் பிடித்த பலகையால் கடலைக் கேட்க இயலாது என்றோம். எல்லையிலே ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்து, கரையின் இரைச்சலிலே புதைந்துவிட்ட ஒலியை, இரைச்சலோடு சேர்த்து ஆயிரம் மடங்காக்கினால், கிடைப்பது ஆயிரம் மடங்கு இரைச்சலே. துடுப்பின் வேலையைச் செய்யாமல் சிப்பின் வேலையைத் தொடங்கலாகாது.

ஆகவே ஒலிவாங்கியையே நீருக்குள் இறக்கவேண்டும். எலக்ட்ரெட்டைப் பொலித்தீனில் சுற்றி இறக்கிப் பார்ப்போர், ஒலி மந்தமாக இருப்பதைக் காண்பர். உறைக்குள்ளே சிறைப்பட்ட காற்று, நாம் துரத்திய எல்லையைத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. இதனினும் சிறந்தது, அலாரக் கடிகாரங்களிலே கீச்சிடும் மெல்லிய பித்தளை வட்டமாகிய பீசோ தகடு. நசுக்கினால் மின்னழுத்தம் பிறப்பிக்கும் பளிங்குகளின் இயல்பை 1880இல் கியூரி சகோதரர் கண்டறிந்தனர். முதல் உலக யுத்தத்திலே நீர்மூழ்கிகளைத் தேட அதனை நீருக்குள் கொண்டுசென்றவர் போல் லாஞ்செவின். பீசோ தகட்டை 'அழுத்தமின் தகடு' என்று நாம் வழங்கலாம். இதனை எப்பொக்சிப் பசையினால் நீர் புகாதவாறு முழுதும் மூடி, நீண்ட கவசக் கம்பியிலே கட்டி இறக்கினால், இடையிலே காற்றென்பதே இல்லாத நீர்ச்செவி ஒன்று ஆயத்தமாகும். சக்திக்கு மின்கலத்தையே நாடவேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கடலருகே கொண்டுசெல்லுதல் முரலொலியை மாத்திரமன்றி ஆபத்தையும் கூட்டி வரும்.

இங்கே ஒரு சூட்சுமம். பலகையிலுள்ள எலக்ட்ரெட்டைக் கழற்றி, அவ்விடத்திலே இத்தகட்டை நேரே பொருத்தினால், சடசடப்பான கூரிய ஒலிகள் கேட்கும். படகின் ஆழ்ந்த முழக்கமோ கேளாது. காரணத்தை ஓட்டைக் குடம் ஒன்றால் விளக்கலாம். அடியிலே ஓட்டையுள்ள குடத்தில் மெதுவாக நீர் ஊற்றினால் மட்டம் உயராது. ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும். ஒரு வாளியைத் திடீரெனக் கவிழ்த்தால் மாத்திரம் மட்டம் ஒரு கணம் உயரும். தகடு பிறப்பிக்கும் மின்னேற்றம் மிகச் சொற்பம். பலகையின் வாயிலிலே, எலக்ட்ரெட்டுக்கு மின்னூட்டுவதற்காக வைத்த சில ஆயிரம் ஓம் தடையி, அத்தகட்டுக்குப் பெரியதோர் ஓட்டையாகிவிடுகின்றது. மெல்ல அசையும் தாழ்ந்த மீடிறன்கள் ஒழுகிப்போக, விரைந்து அசையும் உயர்ந்தவை மாத்திரம் எஞ்சுகின்றன. சாதாரணத் தகடொன்றுக்கு இவ்வெல்லை வினாடிக்கு மூவாயிரத்து ஐந்நூறு அதிர்வை அண்டி விழும். எலக்ட்ரெட்டின் சிமிழுக்குள்ளே ஒரு திரான்சிற்றர் ஒளிந்திருப்பது இவ்வொழுக்கைத் தடுப்பதற்கே. தகட்டுக்கும் அவ்வாறே ஒரு புல விளைவுத் திரான்சிற்றரையும் பத்து இலட்சம் ஓம் தடையியையும் முன்வாயிலாக அமைத்தால், படகின் முழக்கமும் வந்து சேரும். நீருக்கும் காற்றுக்கும் இடையே கண்ட அதே பொருத்தமின்மை, கம்பிக்குள்ளும் வேறு வேடத்தில் வந்து நின்றது. துடுப்பின் வேலை அங்கேயும் முதலில் முடியவேண்டியிருந்தது.

இவ்வாறு ஆயத்தமான நீர்ச்செவியை வெப்பநாட்டுக் கரையோரத்திலே, கல்லும் பவளமும் உள்ள ஆழமற்ற நீரில் இறக்குவோர் முதலில் கேட்பது, காய்ந்த எண்ணெயிலே கடுகு தாளிப்பது போன்ற ஓயாத சடசடப்பு. கம்பியில் பழுது என்றே எவரும் எண்ணுவர். இரண்டாம் உலக யுத்தகாலத்திலே நீர்மூழ்கிகளை ஒற்றுக்கேட்க முயன்ற அமெரிக்கக் கடற்படை விஞ்ஞானிகளையும் இவ்வொலியே இடர்ப்படுத்தியது. இரைச்சல் மிகுந்த இடங்களைப் படத்திலே குறித்து, அவ்விடங்களில் வாழும் பிராணிகளோடு ஒப்பிட்டபோது, விரலளவுகூட இல்லாத சொடுக்கு இறாலே காரணம் என்பது வெளிப்பட்டது. ஒரு கொடுக்கைப் பெரிதாக வளர்த்து அதனைச் சொடுக்கென மூடும் பிராணி இது. கொடுக்கின் இரு விரல்கள் மோதுவதே ஒலி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே, டெட்லெஃப் லோசே முதலிய ஆய்வாளர்கள், வினாடிக்கு 40,000 படம் என்ற வேகத்தில் ஒளிப்படம் எடுத்து, அதனோடு நீர்ச்செவியின் பதிவையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, கொடுக்கு மூடிய கணத்திலே ஒலி இல்லை என்பதும், மூடிய விசையால் பீறிட்ட நீரிலே தோன்றிய குமிழி ஒன்று நொறுங்கி அமிழ்ந்த கணத்திலேயே சொடுக்கு எழுந்தது என்பதும் பிரத்தியட்சமாயின.

குடாவுக்கு வெளியேயோ வேறொரு குரல் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கி இறங்குவதால், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு அணித்தாக வருகின்றன. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், 'டியூலிப்' என்ற சிறு பாய்க்கப்பலிலே இக்கடலுக்கு வந்த ஆய்வாளர்கள், 1984இல் திருகோணமலைக்கு அப்பால் நீர்ச்செவியை இறக்கி அவற்றின் பாட்டைப் பதிவு செய்தனர். அப்பாட்டின் ஒரு பகுதி, வினாடிக்கு நூறு அதிர்வை அண்டிய நீண்ட முனகல். ஒவ்வொரு திமிங்கிலக் கூட்டமும் தனக்கேயுரிய பாட்டையே பாடுவதால், உருவத்திலே பிரித்தறிய இயலாத கூட்டங்களைச் செவியாலே பிரித்தறிய இயலும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அணுவாயுதப் பரிசோதனைகளை ஒற்றறியும் பொருட்டு டியாகோ கார்சியாத் தீவருகே அமைத்த நீர்ச்செவிகளின் நெடுங்காலப் பதிவுகளை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு நீலத் திமிங்கிலக் கூட்டத்தை 2021இல் விஞ்ஞானிகள் கண்டறிந்ததும் பாட்டைக் கொண்டே. ஓட்டைக் குடத்தை அடைக்காத நீர்ச்செவியிலே இந்த முனகல் ஒருபோதும் விழாது. சொடுக்கு இறால் மாத்திரமே விழும். கருவியின் குறையை அறியாதவர், 'இக்கடலில் திமிங்கிலமே இல்லை' என்று முடிவு கட்டிவிடவும் கூடும்.

அப்படியாயின், நாம் கேட்பது கடலின் ஒலிதானா, கம்பியின் ஒலிதானா என்று எப்படி நிச்சயிப்பது? டெனன்ட் மட்டக்களப்பு வாவியிலே தோணியைச் செலுத்தச் செய்தார். சில இடங்களில் இசை ஓங்கியது, சில இடங்களில் அடியோடு மறைந்தது. புறப்பட்ட இடத்துக்கு மீண்டபோது மறுபடியும் எழுந்தது. ஒலி தம் காதின் மயக்கமன்று, வாவியின் அடியிலே குறித்த இடங்களில் நிலைத்திருக்கும் உயிர்களுடையது என்று அவர் துணிந்தது அதனாலேயே. பின்னாளிலே இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அதே வாவியில் ஒலிவாங்கியைக் கொண்டு அவ்வொலியைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை நாடு முழுவதும் கேட்கச் செய்தது. பாடுவது மீனா, நீரடியில் ஊரும் ஊரியா என்ற வாதம் தொடர்ந்தபோதிலும், பாட்டு உண்டு என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. இடம் மாறினால் மாறுவதும், மீண்டால் மீள்வதும் உண்மையின் அடையாளங்கள்.

மூதூர் இறங்குதுறையிலே மின்கலமும் சிப்பும் கம்பியுமாக வந்து அமரும் மாணவர் ஒருவருக்கு வேண்டிய பரிசோதனையும் இவ்வளவே. காதிலே கடுகு வெடித்துக்கொண்டிருக்கையில், நீர்ச்செவியைக் கம்பியோடு தூக்கி நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பிடிக்கவேண்டும். வெடிப்பு நிற்காவிடில் பழுது சுற்றிலே இருக்கிறது. வீட்டுக்குச் சென்று பற்றாசு வைத்த இடங்களைத் திரும்பப் பார்க்கவேண்டும். நின்றுவிட்டால், திரும்பவும் இறக்கலாம். நீர் தகட்டைத் தழுவிய அக்கணத்திலே கடுகு மறுபடி வெடிக்கத் தொடங்கும்.